‘பிணக்கு’ ஏன் வேண்டாம்: குவாண்டம் ஒட்டுறவுகளுக்குச் சொல் தேடுதல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

குவாண்டம் கணிமைப் பாடநூலின் மொழிபெயர்ப்பை இவ்வார இறுதிக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். குவாண்டம் அமைப்பின் பகுதிகளுக்கு இடையிலான ஒருவகை ஒட்டுறவை (correlation), அதாவது ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு தொடர்புற்றிருத்தலை, குறிக்கும் ‘டிஸ்கார்ட்’ (discord) என்ற ஒரு சொல்லுக்காக ஓர் இயல் முழுவதும் காத்திருக்கிறது. பகுதிகளைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி அவை இணைந்திருக்கும் ‘என்டாங்கிள்மென்ட்’ (entanglement) பிணைப்பு, ‘டிஸ்கார்ட்’ பிணக்கு என்று நேற்று எழுதியிருந்தீர்கள். ஓசையால் இரண்டும் உடன்பிறந்தவை போல ஒலிப்பது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ‘பிணங்குதல்’ மாறுபடுதலை மட்டுமன்றிப் பின்னிக்கிடத்தலையும் குறிக்கும். பின்னலே (என்டாங்கிள்மென்ட்) இல்லாத இடத்திலும் டிஸ்கார்ட் இருக்கக்கூடும் என்பதுதானே அவ்வியலின் உயிர்! நில், லாஃப்லாம் என்ற ஆய்வாளர் இருவரும் 1998இல் முன்வைத்த கணிப்பு முறையில் ஒரே ஒரு கியூபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) தூய நிலையிலும் ஏனையவை முற்றிலும் கலந்த, அதாவது முழுக்கத் தற்செயலான, நிலையிலும் தொடங்குகின்றன. அந்த ஒன்றுக்கும் ஏனையவற்றுக்கும் இடையே பின்னல் தோன்றுவதில்லை. ஆயினும் வழக்கமான கணினிக்குக் கடினம் எனக் கருதப்படும் ஒரு மதிப்பீட்டை அது விரைவாகச் செய்துவிடுகிறது. அங்கே அவ்விரைவுக்கு வளமாக (resource) நிற்பது டிஸ்கார்டாக இருக்கலாம் என டத்தா, ஷாஜி, கேவ்ஸ் என்ற ஆய்வாளர் மூவரும் 2008இல் வாதிட்டனர். இதைப் ‘பிணைப்பின்றிப் பிணக்கு’ என்று எழுதினால் மாணவர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்?

இரு பகுதிகளுக்கு இடையிலான மொத்த ஒட்டுறவிலிருந்து, ஒரு பகுதியை மட்டும் அளந்து பெறக்கூடியதன் உச்ச அளவைக் கழித்தால் மிஞ்சுவதே டிஸ்கார்ட். ஆகவே ‘எச்ச ஒட்டுறவு’ என்கிறேன். வினையெச்சம் படித்தவர்க்கு எச்சத்தை விளக்க வேண்டியதில்லை. என்டாங்கிள்மென்டுக்குப் ‘பின்னல்’ போதும். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அதற்கு 1935இல் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லும் குறுக்காகக் கோத்துக்கொள்வதையே உணர்த்துகிறது.

மறுமொழி:

ஐயா, ‘பின்னல்’ வகுப்பறையில் எளிதில் விளங்கும் என்பதை ஏற்கிறேன். இருப்பினும் தொல்காப்பிய உரியியல் ‘பிணை’ என்பதற்குப் பெட்பு, அதாவது விருப்பம், எனப் பொருள் தருகிறது. தொலைவிலும் அறாத உறவைச் சுட்ட அதைவிடப் பொருத்தமான வேர் நமக்கு இல்லை. ‘எச்சம்’ பற்றிய என் தடை இதனினும் பெரிது. குவாண்டத்துக்கு முந்திய மரபு இயற்பியலில் ஒன்றாகவே அமையும், ஒட்டுறவை அளக்கும் இரு வாய்பாடுகள் குவாண்டம் நிலையில் முரண்படுவதால்தான் 2001இல் ‘டிஸ்கார்ட்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. கழித்தலின் விடையைச் சொல்லும் ‘எச்சம்’ அந்த முரணைச் சொல்லவில்லை. அச்சு காத்திருப்பதால் ‘பின்னல்’, ‘ஒட்டுறவு’, ‘வளம்’ மூன்றுக்கும் உடன்படுகிறேன். நான்காவதான டிஸ்கார்டுக்கு மட்டும் ‘முரண்’ என்ற மாற்றுச் சொல்லை அடிக்குறிப்பிலேனும் சேர்க்க வேண்டுகிறேன்.