குளச்சல் நகராட்சிக்குக் கொடி: சங்கு வைக்கலாமா?

கரைமடி:
நகராட்சிக்குக் கொடி மாதிரி ஒன்று வரைந்து கொடுக்கப் போகிறோம். மேல்பாதி நீலம், கீழ்பாதி மணல் மஞ்சள். நடுவில் திருவிதாங்கூர் கொடியில் இருந்த வலம்புரிச் சங்கு, அடியில் ‘குளச்சல் 1741’. அளவு 3க்கு 2 அடி. 24 அடிக் கம்பத்தில், கடற்கரையிலேயே பறக்கும். எதை மாற்றலாம், அண்ணன்மாரே?

பாய்மரம்:
முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள் தம்பி. ஒற்றைத் துணியில் அச்சிட்டால் மறுபக்கம் இடவலம் மாறித்தான் தெரியும். வலம்புரி அங்கே இடம்புரி ஆகிவிடும். நம்ம ஊரில் அதை யாரும் பொறுக்கமாட்டார்கள். இருபக்கமும் சரியாக வர வேண்டுமென்றால் இரண்டு துணி, வெளிச்சம் ஊடுருவாமல் நடுவே மூன்றாவது துணி. அந்தக் கனத்துக்கு இளங்காற்றில் கொடி விரியாது, கம்பத்தோடு ஒட்டித் தொங்கும்.

எழுத்துக்கும் இதே கதைதான். அதோடு, ஆடுகிற துணியில் தூரத்திலிருந்து யாரும் படிக்க முடியாது. 1741இல் மார்த்தாண்டவர்மா டச்சுப்படையை வென்றதைச் சொல்ல வெற்றித்தூண் இருக்கிறதே. அந்தத் தூணையே நெட்டுக்கோடாக, இடமும் வலமும் ஒத்து வரும்படி வரையுங்கள். ஒசாகா நகரச் சின்னத்தைப் பாருங்கள்: படகுகளுக்கு ஆழமான வழியைக் காட்ட நீரில் நட்ட மரக்குறி, 1894 முதல் அதுதான். சில கோடுகள்தான், சின்னப்பிள்ளைகூட நினைவிலிருந்து வரைந்துவிடும்.

உப்புக்காற்று:
நிறத்தில் பெரிய சிக்கல் இருக்கிறது. மேலே நீலம், கீழே மஞ்சள், சரிபாதி என்றால் அது உக்ரைன் கொடி. மஞ்சளோடு வெள்ளை சேர்த்தால் கோயில் திருவிழாவில் ஏறும் பாப்பரசர் கொடி. கருப்பு சிவப்பு கட்சிக்கொடி. முழுச்சிவப்பு கடற்கரையில் ‘குளிக்காதே’ என்ற எச்சரிக்கை. நீலத்தில் வெள்ளைப் பெருக்கல்குறி போட்டுவிடாதீர்கள், கப்பல்காரர்களின் சைகையில் அது ‘என் கப்பல் ஓடாமல் நிற்கிறது’ என்று பொருள். கரும்நீலத்தில் வெள்ளைத் தூண், கீழே ஒரே ஒரு வெள்ளை அலை போதும். கருமைமேல் வெளிர்நிறம் வைத்தால்தான் தூரத்தில் தெரியும். நீலத்தில் சிவப்பு கண்ணைக் கூசும், அந்தியில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கொடித்தையல்:
24 அடிக் கம்பத்துக்கு 3க்கு 2 கைக்குட்டை மாதிரி இருக்கும். கம்பத்தில் நாலில் ஒரு பங்கு நீளம் என்பது கணக்கு. 6க்கு 4 தையுங்கள். நைலான் இலேசு, சின்னக் காற்றுக்கும் பறக்கும். ஆனால் ஆடிக்காற்றுக்குத் தாக்குப்பிடிப்பது பாலியெஸ்டர்தான். கிழிவது எப்போதும் வெளிநுனி, அதுவும் மூலையில் தொடங்கும். அந்த ஓரத்தை இரண்டு மடிப்பாக்கி நாலு வரிசை தையல் போடுங்கள், மூலைக்கு ஒட்டுத்துணி வையுங்கள். நூல் பிரிந்த அன்றே இறக்கி, ஒரு அங்குலம் வெட்டி மறுபடி மடித்துத் தைக்கலாம். அதனால்தான் தூண் நடுவில் வேண்டாம், கம்பப் பக்கம் தள்ளி வையுங்கள்: நுனியை நாலு தடவை வெட்டினாலும் சின்னம் கெடாது. உப்புப் படிந்தால் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்தபிறகே மடிக்கவும்.

தேசியக்கொடி ஏறும் கம்பத்தில் இதை ஏற்றக்கூடாது. பக்கத்தில் சம உயரத்திலும் கூடாது, தனிக்கம்பம், தாழ்வாக. நாலுசிங்கச் சின்னத்தையும் தொடாதீர்கள், 2005 சட்டம் தடுக்கிறது.

கரைமடி:
சங்கையும் எழுத்தையும் எடுத்தாச்சு. தூண் கம்பத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். அலை துணியை வெட்டித் தைப்பதா, அச்சா?

கொடித்தையல்:
அச்சு. வெட்டித் தைத்தால் அந்த இடம் மட்டும் விறைத்து, காற்றில் மடிந்த கோட்டிலேயே கிழியும்.