தோட்டப்புறக் கடைக்கு ஏஐ ஆய்வுக் கருவி எதற்கு?

மாவுமில்_மகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அப்பாவுக்குப் பிறகு மசாலா மில்லை நான் நடத்துகிறேன். மிளகாய்த்தூள், மீன்கறித்தூள், தீபாவளி நேரத்தில் முறுக்கு மாவு. பெரிய சாலையில் ஒரு பேரங்காடி திறந்ததும் அங்கே அரைக்கிலோ கறித்தூள் எங்களைவிட 2 வெள்ளி (ரிங்கிட்) மலிவு. நானும் விலையை இறக்கத்தான் இருந்தேன்.

அதற்கு முன்னால், ஷாப்பி இணையச் சந்தையில் கறித்தூள் விற்கும் ஆறு கடைகளுக்கு மக்கள் எழுதிய கருத்துகளை எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். மலாய், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து கிடந்தது. குறைகளை வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூல வரியையும் காட்டச் சொன்னேன். விலையைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். பாக்கெட் கிழிந்து தூள் கொட்டியது, பிரித்த சில நாளில் வாசனை போனது, இவைதான் அதிகம். அதனால் விலையைத் தொடவில்லை, ஜிப் வைத்த பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். சின்னக் கடைக்காரர்கள் எல்லாரும் இதைப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

555_புத்தகம்

அம்மா, ஷாப்பியில் எழுதுகிறவர் உங்கள் கடைக்கு வருகிறவரா? எனக்கு மளிகைக்கடை, 31 வருஷம் ஆகிறது. என் ஆட்கள் எந்தக் கடையைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை. சம்பளம் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும். 8ஆம் தேதி யார் பாக்கியைக் கட்ட வரவில்லை என்று, கடன் எழுதி வைக்கும் சின்ன 555 நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் போதும், யார் வேறு கடைக்குப் போய்விட்டார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் நிறைய. வங்காளதேசத்துப் பையன் ஒருவன் கடுகெண்ணெய் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் தடவை அவன் வரும்போது கடையில் இருந்தது. அவன் கேட்டது எந்த இணையத்திலும் இல்லை.

மாவுமில்_மகள்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் நீங்கள் செய்ததும் ஆய்வுதான். உங்களுக்கு 31 வருஷம் இருந்தது. எனக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது.

கணக்கு_எழுதுபவன்

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மகள் செய்ததில் ஒரு விஷயம் சரி: கையில் இருந்ததைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். பலர் அப்படிச் செய்வதில்லை. "எங்கள் ஊரில் என் போட்டியாளர் யார், என்ன விலை" என்று வெறுமனே கேட்கிறார்கள். ஒரு வாடிக்கையாளருக்காக நானும் அப்படிக் கேட்டேன். அழகான அட்டவணை வந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அதில் ஒரு கடை பூட்டி வருஷக்கணக்காகிறது. விலைகளுக்கு எங்குமே ஆதாரம் கிடைக்கவில்லை. இணையத்தில் இல்லாததைக் கேட்டால், பல நேரம் இருப்பது போலவே எழுதித் தரும். அந்த அட்டவணையை நம்பிச் சரக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஊர் நிலவரம் வேண்டுமென்றால் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்துக்குப் போங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொகுதிவாரியாகவே பார்க்கலாம், காசு இல்லை. அதை எடுத்து ஏஐயிடம் கொடுத்து விளக்கம் கேட்டால் நியாயம்.

மாவுமில்_மகள்

அப்படியானால் ஐயாவின் 555 புத்தகங்களையே படம் பிடித்து ஏற்றினால்? எந்த மாதம் எந்தச் சாமான் குறைகிறது என்று வந்துவிடுமே.

கணக்கு_எழுதுபவன்

பெயரோடு ஏற்றாதீர்கள். 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்கிய பெயர், கைப்பேசி எண்ணுக்கெல்லாம் பொருந்தும். 2024 திருத்தத்தில் உச்ச அபராதத்தை 10 லட்சம் வெள்ளிக்கு உயர்த்திவிட்டார்கள். சாமான், அளவு, தேதி, இவை மட்டும் போதும்.

555_புத்தகம்

சட்டம் கிடக்கட்டும். அந்தப் புத்தகத்தில் இருப்பது வெறும் அரிசிக் கணக்கு இல்லை. பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்கிய மாதம் யார் பாக்கி வைத்தார், மருத்துவமனைக்குப் போன மாதம் யார் வைத்தார், எல்லாம் இருக்கிறது. என்னை நம்பி, நாலு பேருக்குத் தெரியாமல் கடன் சொன்னவர்கள். பெயரை எடுத்தாலும் நம்ம ஊரில் தேதியையும் சாமானையும் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார்கள். என் புத்தகம் கடையை விட்டு வெளியே போகாது.

மாவுமில்_மகள்

அதை நான் யோசிக்கவில்லை, மன்னியுங்கள் ஐயா. என் வாட்ஸ்அப் ஆர்டர்களையும் முழுசாக ஏற்றலாம் என்றுதான் இருந்தேன். இனி எத்தனை பாக்கெட், எந்தத் தூள் என்று நானே எழுதி அதை மட்டும் கொடுக்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 8ஆம் தேதி வராதவர் ஏன் வரவில்லை என்று புத்தகம் சொல்லுமா?

555_புத்தகம்

சொல்லாது. நானும் கேட்டதில்லை, கடனைக் கேட்க வந்ததாக நினைப்பார்கள் என்ற தயக்கம். இந்த மாதம் நாலு வீடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் போய்ப் பார்க்கிறேன், புத்தகத்தைக் கடையில் வைத்துவிட்டு.

மாவுமில்_மகள்

என்ன காரணம் சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள் ஐயா, யார் என்று வேண்டாம். கறித்தூளைப் பற்றி ஏதாவது சொன்னால் அதையும்.