அல்கோல் விண்மீனை அளக்க உதவி வேண்டுமுங்க

வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையின் களத்தில் கேமராவை நிறுத்தி, தை பிறந்ததிலிருந்து அல்கோலைப் படமெடுத்து வருகிறேன். மங்கலான துணை விண்மீன் ஒன்று 2.87 நாளுக்கு ஒருமுறை அதை மறைக்கும். அப்போது அதன் பிரகாச எண் 2.1-லிருந்து 3.4-க்குப் போய் (இந்த எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு), சுமார் பத்து மணி நேரத்தில் பழையபடி திரும்பிவிடும். போன வாரம் அது மங்குவதை வெறும் கண்ணாலேயே பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் என் கணக்கில் அது 2.9-ஓடு நின்றுவிட்டது. ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பில் பச்சை நிறத்தை மட்டும் பிரித்து, மிர்ஃபாக் என்ற விண்மீனோடு ஒப்பிடுகிறேன். மிர்ஃபாக்கின் பிரகாசம் 1.8, அந்த வெளிச்சத்தில் சென்சார் நிரம்பிவிடுகிறதோ? படத்துக்கு எத்தனை நொடி வைக்கலாம், வேறு எந்த விண்மீனோடு ஒப்பிடலாம்? அப்புறம், அல்கோல் வடமேற்கே காற்றாலைப் பக்கம் சாயும்போது காற்றுமண்டலம் குடிக்கும் ஒளியை எப்படிக் கழிப்பது? பழகியவர்கள் சொல்லித் தாருங்கள்.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் யாராவது தொலைநோக்கியில் என்ஜிசி 4151 விண்மீன் மண்டலத்தை அளக்கிறீர்களா? கருந்துளையில் பொருள் விழுவதால் ஒளி மாறும் அதன் மையத்தை ஒருமுறையாவது அளந்து பார்க்க ஆசை. எந்த ராத்திரி கூப்பிட்டாலும் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.