புதுப்பிப்பு: தியோமானில் முதல் ஸ்கூபா

நீச்சல் சுமாராகத் தெரிந்த எனக்கும் தங்கைக்கும் முதல் ஸ்கூபாவுக்கு (காற்று உருளையோடு கடலுக்குள் முக்குளிப்பது) மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகளில் பெர்ஹெந்தியானா தியோமானா என்று கேட்டிருந்தேன், பதில் போட்ட அண்ணன்மார் அக்காமாருக்கு நன்றி, தியோமானுக்கே போய் வந்துவிட்டோம்.

கோலாலம்பூரில் இருந்து மெர்சிங் துறைமுகம் வரை பஸ், அப்புறம் ஃபெர்ரி. நீர்மட்டத்தைப் பொறுத்துத்தான் ஃபெர்ரி கிளம்பும், அதனால் முதலில் ஃபெர்ரி நேரத்தைப் பார்த்துவிட்டு பஸ் டிக்கெட் எடுங்கள்.

முக்குளித்தது ரெங்கிஸ் தீவருகே. கரைக்குப் பக்கம், ஆழம் அதிகமில்லை, ஆமை பார்த்தாயிற்று. சான்றிதழ் இல்லாத அறிமுக டைவில் பயிற்றுநரோடு 12 மீட்டர் வரைதான் அனுமதி, அதுவே எங்களுக்குத் தாராளம். பயமெல்லாம் காதில்தான்: மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிக் காதுக்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும், அதுவும் வலி வருவதற்கு முன்பே, இறங்க இறங்க அடிக்கடி. வலித்தால் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு மறுபடி முயல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கக் கூடாது. மூச்சையும் அடக்கக் கூடாது.

தீபாவளி லீவுக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை, வேண்டாம். பினாங்குக்காரர்களுக்குக் கெடாவின் பாயார் தீவு பக்கம்தான், ஆனால் தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்காது. விமானத்தில் திரும்புவதாக இருந்தால் ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.