மைக் பாடிக்கு கறுப்பு ஆனோடைசிங் பண்ணதுல இருந்து ஹம் (உர்ருங்குற இரைச்சல்) அடிக்குது, உதவுங்க

பாம்பன்_காத்து:
வணக்கம் மக்களே. நம்ம ராம்நாடு பக்கம் லேத் போட்டு மைக் பாடி கடைஞ்சு குடுத்துட்டு இருக்கேன், சொந்தமா மைக் கட்டுற பசங்க வாங்குறாங்க. 50 எம்எம் வெளிவிட்டம், 2 எம்எம் கனம், 6063 அலுமினியம் பைப். தலைக்கு அலுமினிய ரிங், அதுல பித்தளை வலை, உள்ள சத்தத்த பிடிக்கிற 34 எம்எம் கேப்சூல். சாம்பிள் பீஸ வெறும் அலுமினியமா பாலிஷ் மட்டும் போட்டு குடுத்தேன், சத்தம்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல. அப்புறம் இந்த உப்புக்காத்துக்கு தாங்கணுமேன்னு மொத்த லாட்டையும் கோயம்புத்தூருக்கு அனுப்பி கறுப்பு ஆனோடைசிங் பண்ணி வாங்குனேன், வேலை அருமையா இருக்கு, ஆனா வாங்குனவங்க எல்லாரும் ஹம் அடிக்குதுங்குறாங்க. கையில பிடிச்சா ஏறுது, விட்டா கொறையுது, முழுசா போக மாட்டேங்குது. அதே போர்டு அதே கேப்சூல பழைய சாம்பிள்ல மாட்டுனா சுத்தமா இருக்கு. மைக் கேபிள் வழியா வர்ற ஃபான்டம் பவர் 48 வோல்ட் சரியா வருது, கேபிளும் மாத்தியாச்சு. எங்க தேடுறது?

ஒயர்மேன்_தொண்டி:
எர்த் பாருங்க அண்ணே. நம்ம பக்கம் பாதி வீட்ல எர்த் கம்பி பேருக்குத்தான் இருக்கு.

பாம்பன்_காத்து:
சார்ஜர கழட்டிட்டு லேப்டாப் பேட்டரிலயே ஓட்டிப் பாத்தேன் தம்பி, அப்பவும் அடிக்குது. எர்த்தா இருந்தா சாம்பிள் பீஸ்லயும் வரணுமே.

ஈயப்புகை:
மதுரைல இருந்து எழுதுறேன். தம்பி, பதில் உங்க கேள்வியிலயே இருக்கு. ஆனோடைசிங்குங்கறது பெயின்ட் அடிக்கிற மாதிரி இல்ல, அலுமினியத்தோட மேல்தோலே ஆக்சைடா மாறிடுது, அந்த ஆக்சைடு கரன்ட் கடத்தாது. 10, 20 மைக்ரான் இருந்தாலே போதும், தலை தனி, பைப் தனி, அடிமூடி தனின்னு மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்கும். மரை இறுக்கமா ஏறுதேன்னு நம்பாதீங்க, மரைக்குள்ளயும் அதே தோல்தான். கேப்சூல் பக்கத்துல 1 கிகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பீங்கல்ல, அவ்வளவு பெரிய இம்பீடன்ஸ் (ஏசி கரன்டுக்கான தடை) இருக்க எடம் சுத்தி இருக்க கரன்ட் லைனோட 50 ஹெர்ட்ஸ காத்துலயே பிடிச்சுக்கும். கிரவுண்டோட சேந்த உலோகம் சுத்தி நின்னாத்தான் மறைப்பு, சேரலேன்னா அந்த உலோகமே ஆன்டெனா. அதுல கை வச்சா உங்க உடம்புல இருக்க ஹம்மும் சேந்து உள்ள போகுது, அதான் ஏறுது.

மல்டிமீட்டர எடுத்து எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் மாட்டுற மூணு பின் சாக்கெட்) ஒண்ணாம் பின்னுல, அதான் கிரவுண்ட், ஒரு முனை, அடிமூடி, பைப், தலைன்னு ஒவ்வொண்ணா இன்னொரு முனை வச்சு பாருங்க. 1 ஓமுக்குக் கீழ வரணும். வெளிய கறுப்பு மேல வச்சா எப்படியும் காட்டாது, உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எடத்துல கத்தியால லேசா சுரண்டிட்டு வைங்க.

பாம்பன்_காத்து:
அக்கா நீங்க சொன்ன மாதிரியே. அடிமூடி மட்டும் பீப் வருது, எக்ஸ்எல்ஆர் ஸ்க்ரூ அங்க கடிச்சு நிக்குது. பைப்புக்கும் தலைக்கும் ஒண்ணுமே இல்ல. சரி, மரைய திரும்ப வெட்டிடவா?

லேத்_வாத்தி:
வேணாம் மாப்ள. கடைஞ்ச பைப்ப மறுபடி சக்குல மாட்டி அந்த மரையோட சுத்துக்கு டூல சரியா பிடிக்கிறது எல்லா நேரமும் நடக்காது, கொஞ்சம் தப்புனா மரை லூசாகி தலை ஆடும். மரைய விட்டுட்டு முகத்த சீவு. தலை ரிங்கு வந்து உக்காருற தோள் இருக்குல்ல, அங்கயும் ரிங்கோட முகத்துலயும் 0.1 எம்எம் எடுத்தா போதும், வெள்ளை உலோகம் தெரியும், இறுக்குனா முகமும் முகமும் ஒட்டும். மூடிப் பக்கமும் இதே மாதிரி. வெளிய ஒரு கோடு கூட தெரியாது.

ஈயப்புகை:
அதோட பின் 1-ல இருந்து ஒரு தனி கம்பி இழுத்து பைப்புக்கு உள்பக்கம் எம்3 மரை போட்டு ஸ்டார் வாஷர் வச்சு இறுக்கிடுங்க. அந்த வாஷரோட பல்லு தோலக் கிழிச்சிட்டு உள்ள இறங்கும்.

பாம்பன்_காத்து:
ஒரு பீஸ்ல பண்ணிட்டேன். ஹம் நல்லா கொறஞ்சிருச்சு, ஆனா தலை வலைய தொட்டா மட்டும் இன்னும் உர்ருங்குது. பைப்ப தொட்டா ஒண்ணும் இல்ல. தலை ரிங்கு பீப் வருது.

ஈயப்புகை:
வலைய ரிங்குல எப்படி ஒட்டுனீங்க?

பாம்பன்_காத்து:
அரால்டைட். அலுமினியத்துல சால்டர் ஈயம் ஒட்டாதே. சாம்பிள்ல மட்டும் வலைய ரிங்குல சொருகி இறுக்கி இருந்துச்சு, பசை போடல.

ஈயப்புகை:
அப்ப ரிங்கு கிரவுண்ட், வலை அந்தரம். கேப்சூலுக்கு முன்னாடி நிக்கிற பெரிய உலோகமே வலைதான், அது மிதந்தா மத்ததெல்லாம் சரியா இருந்தும் பாதிதான் பலன். அடுத்த லாட்டுல தலை ரிங்க பித்தளைல கடைங்க. பித்தளை வலை பித்தளை ரிங்குல ஈயம் சுத்தமா ஓடும், முழுசா சேத்துட்டு அப்புறம் நிக்கல் பூசிக்கலாம். உள்ள போர்ட தாங்குற ரெண்டு பட்டையையும் பித்தளையா போட்டு மேல தலை ரிங்குலயும் கீழ அடிமூடிலயும் ஸ்க்ரூ பண்ணா, கிரவுண்டு பட்டை வழியாவே தலைக்கு ஏறிடும், தலைக்கு பைப்ப நம்ப வேண்டாம், ஆனா பைப்பும் கிரவுண்டோட சேந்துதான் இருக்கணும்.

கீழக்கரை_சீனி:
காக்கா, ஒரு விஷயம். பித்தளையும் அலுமினியமும் ஈரக்காத்துல ஒட்டி நின்னா அலுமினியம்தான் கரையும், படகுக்காரங்கள கேட்டா தெரியும், ஷாஃப்ட் பக்கத்துல ஜிங்க் கட்டி மாட்டுறதே வேற உலோகம் அரிக்காம இருக்கத்தான். இதுல இன்னொரு வம்பு, நீங்க சீவுன எடம் சின்னது, பித்தளை பெருசு, அரிப்பு பூரா அந்தச் சின்ன எடத்துலயே விழும். அய்ப்பசி கார்த்திகை மழைல ரூமே பிசுபிசுங்கும், அந்த மூட்டுல வெள்ளையா பொடி பூத்து ஒரு வருசம் கழிச்சு ஹம் திரும்ப வரலாம்.

லேத்_வாத்தி:
சீனி சொல்றது வாஸ்தவம். சீவுன முகத்துல வாசலின் மெல்லிசா தேச்சுட்டு இறுக்கு. இறுக்கும்போது மேடும் மேடும் உரசுற எடத்துல வாசலின் ஒதுங்கிரும், சுத்தி ஈரம் போக விடாது. பேட்டரி முனைக்கு தேய்க்கிறோம்ல அதே கணக்கு.

ஈயப்புகை:
அடுத்த லாட்டுக்கு பட்டறைல சீவ வேண்டியதே இல்ல, ஆனோடைசிங்குக்கு அனுப்பும்போதே தோள், மூடி முகம், எம்3 ஓட்டை மூணையும் மாஸ்க் பண்ணச் (தோல் ஏறாம மூடி வைக்கச்) சொல்லி படம் போட்டு குடுங்க. வாயால சொன்னா முழுசா முக்கி எடுத்துருவாங்க, அது அவங்க தப்பு இல்ல.

ஆமா, அந்த கிகா ஓம் பக்கம் ஈயம் வைக்கும்போது போடுற ஃப்ளக்ஸோட கறை இருந்தா ஐசோபுரோபைல் ஆல்கஹால் வச்சு துடைச்சிடுங்க, விரலால தொடாதீங்க. உங்க ஊர் ஈரத்துக்கு அடுத்து பொரியுற சத்தம்னு யாராச்சும் வருவாங்க.

பாம்பன்_காத்து:
ரொம்ப நன்றிக்கா, வாத்தி, சீனி. ஒரு பீஸ்ல பித்தளை ரிங்கு போட்டு ஈயம் வச்சு மாட்டியாச்சு, எங்க தொட்டாலும் அமைதி. மாஸ்கிங்குக்கு பீஸுக்கு தனியா காசு கேக்குறாங்க, வெல கொஞ்சம் ஏறும். பழைய லாட் வாங்குனவங்க பாடிய மட்டும் அனுப்புங்க, போர்டும் கேப்சூலும் வேணாம், முகம் சீவி தலைய மாத்தி அனுப்புறேன், கூரியர் காசு என்னோடது.