ஓடை ஒன்று, ஊராட்சி மூன்று: கடலோரக் கூட்டுமுறை மலைக்கு ஒத்துவருமா?

தேயிலைத்துளிர் (கோத்தகிரி): மேலூர்க்காரர்கள் தடுப்புச்சுவர் கட்டினால் கீழூரில் ஓடைக்கரை அரிக்கிறது. கடலோர ஊர்கள் சேர்ந்து திட்டம் போடுவார்களாமே, அதை இங்கே செய்யலாமா?

அலைவாய்: அவர்கள் முதலில் கைவைத்தது எல்லையில்தான். இங்கிலாந்து, வேல்ஸ் கரையை நிர்வாக எல்லைப்படி வெட்டாமல், மணல் எதுவரை நகர்கிறது என்று பார்த்து 11 பெரும் பிரிவாக்கினார்கள். அதையொட்டி 22 திட்டங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கில் ஒரு முடிவு: இருக்கும் கரையைக் காப்பது, கடல்பக்கம் முன்னேறுவது, திட்டமிட்டுப் பின்வாங்குவது, தலையிடாமல் விடுவது. 20, 50, 100 ஆண்டுக்குத் தனித்தனியாக முடிவெடுப்பார்கள். நம்மிடமும் பாடம் உண்டு. சென்னைத் துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலை மறித்தது. மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் அரித்தது. அங்கே கல் கொட்டினால் அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப்போகும். உங்கள் மேலூர்ச் சுவர் கதையும் இதேதான்.

மண்வெட்டி: எல்லை விஷயம் சரி. ஆனால் கடற்கரையில் போன மணல் அடுத்த பருவத்தில் ஓரளவு திரும்பும். சரிந்த மேடு திரும்பாது. இங்கே சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர். அது வெளியேற, சுவரில் 7.5 முதல் 10 செ.மீ. விட்டக் குழாயை 1.5 மீட்டருக்கு ஒன்றாக, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாகப் பதியுங்கள். பின்னால் 30 செ.மீ. ஜல்லி நிரப்புங்கள், வெறும் மண்ணைத் தள்ளினால் இரண்டு மழையில் குழாய் அடைத்துவிடும். முக்கியமானது, குழாயில் வரும் தண்ணீரைக் கல் பதித்த வாய்க்காலில் ஓடைவரை இறக்குவது. பாதியில் விட்டால் கீழ்த்தோட்டம் ஊறும். வாய்க்கால் செலவு சுவர் கட்டுகிறவர் கணக்கில் என்று கூட்டத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

தேயிலைத்துளிர்: யார் பேச்சை யார் கேட்பது என்பதிலேயே கூட்டம் கலைந்துவிடுகிறது.

அலைவாய்: அளந்த கணக்கு இல்லாவிட்டால் அப்படித்தான். மூன்று ஊரிலும் நிலையான கல் நட்டு, ஓடையின் அகலம், ஆழத்தை அதே இடத்தில் செப்டம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் எடுங்கள். நிலத்தில் தெரியும் விரிசலுக்கு இருபுறமும் முளை அடித்து வாரம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழையில் தினமும் இடைவெளியை அளங்கள். இடைவெளி கூடினால் வீட்டைக் காலிசெய்யுங்கள். சாந்து பூசி மறைக்காதீர்கள். 2009 நவம்பர் சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மண்வெட்டி: ஓர் ஊர் ஆளே அளந்தால் மற்றவர் நம்பமாட்டார்கள். மேலூர் ஓடையைக் கீழூர்க்காரர் அளக்கட்டும், கீழூருடையதை மேலூர்க்காரர்.