நடுவுல ஒரு பன்மை வந்தா வெர்ப் எதோட சேரணும்?

கேள்வி:
ஃப்ரெண்ட்ஸ், ‘தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ்’னு வந்தா அடுத்து ‘இஸ்’ போடணுமா ‘ஆர்’ போடணுமா? புக்ஸ்னு பன்மை பக்கத்துலயே நிக்குறதால ‘ஆர்’தான் காதுக்கு சரியா படுது, ஆனா கிராமர் புக் ‘இஸ்’னு சொல்லுது. அப்புறம் ‘நைதர்... நார்’ வந்தா எப்படி?

பதில் 1:
‘இஸ்’தான். சப்ஜெக்ட் லிஸ்ட், ‘ஆஃப் புக்ஸ்’ சும்மா அதை விளக்குது, அதை மனசுல அடிச்சுட்டு படிங்க, ‘தி லிஸ்ட் இஸ் லாங்’னு தானா வந்துரும். ‘அலாங் வித்’ வந்தாலும் இதேதான், ‘தி டீச்சர், அலாங் வித் தி ஸ்டூடன்ட்ஸ், இஸ் வெயிட்டிங்’.

பதில் 2:
நமக்கு ஏன் குழப்புதுன்னா, பேச்சுத் தமிழ்ல ‘புக் இருக்கு’, ‘நிறைய புக்ஸ் இருக்கு’ ரெண்டுக்கும் ஒரே வினைதான், அஃறிணைல ஒருமை பன்மை பார்த்து மாத்துறதில்ல, ஆளுங்கன்னாதான் ‘வந்தான்’, ‘வந்தாங்க’ன்னு மாறும். அதனால இங்கிலீஷ்ல பொருள்களைப் பத்தி எழுதும்போது கூடுதலா செக் பண்ணுங்க, ப்ளீஸ். நைதர், நார்ல வெர்புக்கு பக்கத்துல இருக்குற பெயரைப் பாருங்க: ‘நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர்’, திருப்பிப் போட்டா ‘இஸ்’.

பதில் 3:
இன்னொண்ணு, ‘தி டீம் ஆர்’னு பார்த்தா உடனே தப்புன்னு சொல்லிடாதீங்க, பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல அது சகஜம், அமெரிக்கன்ல பெரும்பாலும் ‘தி டீம் இஸ்’. அப்புறம் ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்’, ஆனா ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்’.